ஐந்து பட்டையிலும் இடமில்லாதது

அன்பு மாப்பிள்ளை,

பாச்சலூரிலிருந்து உன் மச்சான் எழுதுகிறேன். நீ என் கூடப் படித்தவன், பிறகு என் தங்கையைக் கட்டியவன். என்னை வம்புக்கு இழுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டிருப்பாயா நீ? இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எரிச்சலாக இருக்கிறது.

தோட்டத்துச் செய்தி கேள். மலைவாழைக் கதை முடிந்தது. நம்முடையது மட்டுமில்லை, இந்தச் சரிவு முழுக்கவே. பங்குனி உத்திரத்துக்கு முன்னால் பழனியிலிருந்து பஞ்சாமிர்தக் கடைக்காரர் பழம் கேட்டு வந்தார். மேலும் கீழும் பார்த்தார். மோர் குடித்துவிட்டு வெறும் கூடையோடு இறங்கிப் போனார்.

கன்னிவாடிப் பள்ளியில் உயிரியல் நடத்திய வாத்தியாராயிற்றே நீ, சும்மா இருப்பாயா? உயிர்களைச் செடி, விலங்கு என்று நாம் படித்த பாடப்புத்தகம் இரண்டாகப் பிரித்தது போதாது என்று ஒருநாள் தோட்டத்தில் ஐந்து வாழைப்பட்டைகளை வரிசையாகப் போட்டாய். பாக்டீரியாவுக்குத் தயிர். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகளுக்குக் குட்டைத் தண்ணீர். அப்புறம் ஒரு காளான், ஒரு துண்டு வாழையிலை, கடைசிப் பட்டையில் ஒரு கட்டெறும்பு.

"உலகத்துல உள்ள உசுரெல்லாம் இந்த அஞ்சுக்குள்ள அடக்கம் மச்சான்."

எறும்பே அடங்காமல் ஓடியது. நீ அதன் பின்னால் ஓடினாய். நான் சிரித்த சிரிப்பில் என் தங்கை அடுப்பை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

அப்போதுதான், நுனியில் இலைகள் கொத்தாகக் குறுகிப்போன ஒரு கன்றைப் பிடுங்கி வந்து உன் முன்னால் போட்டேன். "இந்தச் சீக்கு எந்தப் பட்டை மாப்ள?"

உன் முகம் மாறிவிட்டது. "இது வைரஸ் மச்சான். அஞ்சுலயும் வைக்க முடியாது. வெளிய கெடந்தா வெறும் தூசி. செடிக்குள்ள போனாத்தான் உசுரு."

"மருந்து?"

"கெடையாது. தூரோட தோண்டி வெரசா எரிச்சுரு."

எரித்தேன். எரிக்க எரிக்க அடுத்த தூரில் வந்தது. மறு மழைக்காலத்தில் உன் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் வாயிலும் அதே சொல்தான் வந்தது: வைரஸ். இதற்கும் மருந்தில்லை என்றார். ஐந்து பட்டையிலும் இடமில்லாத ஒன்றுக்கு நம் வீட்டில் மட்டும் எப்படி மாப்பிள்ளை இடம் கிடைத்தது?

நீ போனதிலிருந்து உன் மனைவி எங்களோடு இருக்கிறாள். கல்யாணமான வருஷம் ஓடைக்கரையில் நீ நட்டாயே, அந்தத் தூர் ஒன்றுதான் மிச்சம் நின்றது. போன வாரம் அதன் நுனியும் கொத்தாகிவிட்டது. கடப்பாரையோடு போனேன். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"அவரு வச்சதுண்ணே."

"சீக்கு பரவும் தாயி. எரிக்கச் சொன்னதே அவருதான்."

"பரவ இன்னும் என்னண்ணே கெடக்கு?"

திரும்பிப் பார்த்தேன். சரிவு மொட்டையாகக் கிடந்தது. அவள் சொன்னதில் தப்பே இல்லை. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டேன்.

அது குலை தள்ளாது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் வெள்ளனே எழுந்து குடம் தூக்கிக்கொண்டு போகிறாள். என்ன சொல்லித் தடுப்பேன்?

இந்த ஒரு விஷயத்தில் உன் பேச்சை மீறுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அது தானாகச் சாயும்வரை அதன்மேல் கடப்பாரை படாது. அவளால் குடம் தூக்க முடியாத நாளில் நான் தண்ணீர் ஊற்றுவேன். சத்தியம்.

தங்கையை உன் கையில் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொண்ட,
உன் மச்சான்.