கண்ணாடிக் காலில் பல் தடம்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேலே மூடியிருக்கிறது. பதினொரு மணிக்குக் குழாய்க்காரர் வருவார், வேலை முடிகிறவரை அவரிடம் கதை அளக்காதீர்கள்.

பைக் லைசென்சைப் புதுப்பிக்க மறுபடியும் கண் பரிசோதனைக்குப் போகிறேன். போன வாரம் நான் தோற்று வந்ததும், "வயசாயிடுச்சு, இனிமே வண்டியத் தொடாதே"ன்னு சாவியை ஒளித்து வைத்தீர்களே! நானும் கண் அவ்வளவுதான் என்று மனசொடிந்து கிடந்தேன். இன்று காலை கண்ணாடியைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன், அதன் காலில் பல் தடம். கண்ணாடியைக் கடிக்கிற ஆள் இந்த வீட்டில் யார்? பரிசோதனைக்கு முன்னாலிருந்தே உங்கள் கண்ணாடி என் மூக்கில், என்னுடையது உங்கள் மூக்கில். இதில் நீங்கள் வேறு, "பேப்பர்ல எழுத்தே சரியில்ல"ன்னு பேப்பர்காரரைத் திட்டினீர்கள்.

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால் போதும் என்பதுதான் அங்கே விதி. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் வருவேன்.

சாவி அரிசி டப்பாவில் இருக்கிறது, தெரியும். நான் எடுக்கவில்லை, பஸ்ஸில்தான் போகிறேன். நீங்களே எடுத்து என் கையில் கொடுக்க வேண்டும்.

பின்குறிப்பு: என் கண்ணாடியை நான் எடுத்துக்கொண்டேன், உங்களுடையது இந்தச் சீட்டின் மேலேயே இருக்கிறது. பேப்பர்காரரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் என்னிடம்.

இன்னொன்று: உங்கள் ஹெல்மெட்டையும் துடைத்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் பின்னால் உட்காருங்கள், ஒரு சுற்றுப் போய்வரலாம்.