கோல்கம்பத்தில் அவளை நிறுத்தியவளுக்கு

என் லயத்து வீட்டு அடுப்படியில் சந்தமாலியின் கையுறைகள் காய்கின்றன. ஈர ரப்பரும் வியர்வையும் கலந்த நெடி வீடு முழுக்க நிற்கிறது. நீ இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டே, "நம்ம கீப்பரோட வாசம் புள்ள, பொறுத்துக்க" என்றிருப்பாய். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்று உன்னோடு பேச வேண்டும்போல் இருக்கிறது.

நம் றக்வான தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கால்பந்து அணிக்கு அப்போது நீதான் தலைவி, நீதான் கோல்கீப்பர். பெல்மதுளையில் ஒரு மெட்ச்சில் அந்தச் சிங்களப் பிள்ளை சந்தமாலி பந்து பிடிப்பதைப் பார்த்த அன்றே, அவள் மொழியில் தங்கச்சி முறை வைத்துப் பிடிவாதம் பிடித்தாய்: "நமக்கு இந்த நங்கிதான் வேணும்." இரத்தினபுரியின் பெரிய கழகம் ஒன்று அவளை ஏற்கெனவே கூப்பிட்டிருந்தது. புது பூட்ஸ், சீருடை எல்லாம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"நம்மகிட்ட என்னா இருக்குன்னு அவ வருவா?" என்று கேட்டேன்.

"வந்து பாக்கட்டுமே" என்றாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வளைவுப் பாதையில் பஸ் ஏறி வந்ததில் வயிற்றைப் பிரட்டி, முகம் வெளிறிப் போயிருந்தது. பால் இல்லாத பிளேன்டீ கொடுத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனோம். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். தேயிலைக்குள் போன பந்தைத் தேடவே பாதி நேரம் போகும். "இவ்வளவுதானா, அக்கே?" என்று சிங்களத்தில் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ குனியவில்லை.

"இவ்வளவுதான் நங்கி. அங்க உன்ன மாதிரி நெறைய கீப்பர் இருக்காங்க. இங்க நான் ஒருத்திதான். நான் நின்னா என்னா ஆகும்னு பாரு" என்று அவளுடைய மொழியிலேயே சொல்லிவிட்டு, கோல்கம்பங்களுக்கு நடுவே போய் நின்றாய். எங்களை அடிக்கச் சொன்னாய்.

அடித்தோம். நீ வேண்டுமென்று விடவில்லை. உயிரைக் கொடுத்துத்தான் பாய்ந்தாய். இருந்தும் ஒரு பந்து உன் காலுக்கிடையில் போனது, இன்னொன்று தலையில் பட்டு உள்ளே போனது. விறகுக்கட்டோடு நின்று பார்த்த பெண்கள் சிரிசிரியென்று சிரித்தார்கள். சந்தமாலியால் பொறுக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, "தள்ளுங்க அக்கே" என்று வந்து நின்றாள். அதற்குப் பிறகு எங்களில் ஒருத்தியாலும் கோல் போட முடியவில்லை. சிரித்த பெண்களே கைதட்டினார்கள்.

பஸ் ஏறும்போது உன்னிடம் கேட்டாள்: "நான் வந்தா நீங்க எங்க நிப்பீங்க?"

"வெளிய நின்னு கத்துவேன். அதுல என்னய மிஞ்ச ஆள் கெடையாது."

அவள் நம்மோடு சேர்ந்தாள், நீ சொன்னபடியே வெளியே நின்று கத்தினாய். அந்தப் பெரிய கழகத்தோடு ஆடிய மெட்ச்சில் நாம் ஒரு கோல் முன்னால் இருந்தோம். முடியும் நேரத்தில் அவர்களுக்கு பெனால்டி. சந்தமாலி பாய்ந்து பந்தைத் தள்ளியதும், விசில் ஊதும் முன்பே நீ உள்ளே ஓடி அவளைத் தூக்கிக்கொண்டாய். நடுவர் உனக்கு மஞ்சள் அட்டை காட்டினார். பந்தைத் தொடாமலே அட்டை வாங்கியதை ஊர் திரும்பும் வரை சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாய். பிறகு என் காதோரம், "அவ பிடிச்சப்போ நானே பிடிச்ச மாதிரி இருந்துச்சு புள்ள" என்றாய்.

போன வாரம் புளத்கொகுபிட்டியவில் ஒரு பெண் ஆடியதைப் பார்த்தேன். என்னைப் போல முன்வரிசைக்காரி, என்னைவிட வேகம். வேறு கழகங்களும் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தன. நான் போய் நம் மைதானத்தின் மேடு பள்ளத்தைத்தான் முதலில் சொன்னேன். பிறகு, "ஆனா ஒம்பதாம் நம்பர் சட்ட ஒனக்குத்தான்" என்றேன். அது என் சட்டை.

இன்று காலை அவளிடமிருந்து போன் வந்தது. நம் தோட்டத்திலுள்ள தன் அக்கா வீட்டில் தங்கி நம் அணிக்கு ஆடுவாளாம். லயத்தில் வீடு வீடாக ஓடி ஓடிச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க உனக்கு எழுதுகிறேன்.