முனியன் மேல் போட்ட பழி

சங்கராபுரம்
3.6.2024

அன்புள்ள கொளஞ்சியம்மாளுக்கு,

நான் ஹப்சா. 1986இல் கல்வராயன் மலைப்பாதையில் கொலையுண்ட ஹயாத் பாஷாவின் மகள். பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். அத்தாவைக் கொன்றவர் உங்கள் அப்பா என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கோர்ட் அவரை விட்டது; ஊர் விடவில்லை.

போன மாதம் வழக்குக் கட்டின் நகலை வாங்கிப் படித்தேன். அவருக்கு எதிராகக் கிடைத்தது, அவரிடமிருந்த ரத்தம் தோய்ந்த பாதித் துண்டு. மறு பாதி அத்தாவின் தலைக்காயத்தில் கட்டியிருந்ததாம். கொன்றவர் கட்டுப் போடுவாரா? அவர் உங்களிடம் என்ன சொன்னார்?

ஹப்சா

மூங்கில்துறைப்பட்டு
14.6.2024

ஹப்சா அவர்களுக்கு வணக்கம்.

கிழிக்கவில்லை. மூன்று நாள் வைத்திருந்து பிரித்தேன்.

அப்பா உங்கள் கடைக்குப் புளி மூட்டை சுமந்தவர். அன்று பின்தங்கி வந்தவர், பாஷா அடிபட்டுக் கிடந்ததைப் பார்த்துத் துண்டைக் கிழித்துக் கட்டி, மடியில் போட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். "யாருங்க அடிச்சது?" என்று கேட்டதற்கு உங்கள் அத்தா, "வூட்டுக்குள்ளயே இருக்கட்டும் முனியா, வெளிய சொல்லாத" என்றாராம். அப்பா தலையாட்டிவிட்டார்.

போலீஸ் அடித்தும் சொல்லவில்லை. விடுதலையான பிறகும் ஊர் எங்களைத் துரத்தியபோது, "அதுக்கு நாம ஏன்யா ஊர வுட்டுப் போவணும்?" என்று அம்மா அழுதாள். "செத்துக்கினு இருந்த மனுஷனுக்குக் குடுத்த வாக்குடி" என்றார்.

அப்பா போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. வாக்கு அவருடையது. நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

முனியன் மகள் கொளஞ்சியம்மாள்

சங்கராபுரம்
30.6.2024

அன்புச் சகோதரிக்கு,

சந்தனக்கட்டை கடத்துகிறவர்கள் அடித்திருப்பார்கள் என்றும் பேச்சு இருந்தது. ஆனால் அத்தாவின் கைக்கடிகாரம்கூடக் களவு போகவில்லை. மிஞ்சுவது அத்தாவின் தம்பி, என் சின்னத்தா ரவூப். கடையைப் பிரிப்பதில் அண்ணன் தம்பிக்குள் சண்டை. மலைக்குப் போன பஸ்ஸிலிருந்து, முனியன் ஓடியதைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னவர் அவர். ஆனால் மழையில் பாதை அறுந்து, கொலை நடந்த நாளையும் சேர்த்து மூன்று நாள் பஸ்ஸே ஓடவில்லை, நடந்துதான் ஏறினோம் என்று அதே வழக்குக் கட்டில் போலீஸ் எழுதியிருக்கிறது.

சின்னத்தா இப்போது இல்லை. அவர்தான் அடித்தார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பொய் சொன்னார் என்று செய்வேன். அத்தா தம்பியைக் காப்பாற்ற நினைத்தார். அனுபவித்தது உங்கள் குடும்பம்.

சின்னத்தா மகன் வாஜித்திடம் சொன்னேன். "இன்னாக்கா, செத்தவங்கள எழுப்பிக்கினு? மானம் போயிடும்" என்கிறான். உங்கள் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கட்டுமா?

ஹப்சா

மூங்கில்துறைப்பட்டு
9.7.2024

ஹப்சா அவர்களுக்கு,

வீட்டுக்கு வர வேண்டாம். அப்பாவைக் கட்டிவைத்து அடித்தது உங்கள் கடைவீதியில். அங்கே சொல்லுங்கள்.

முனியன் மகள் கொளஞ்சியம்மாள்

சங்கராபுரம்
20.7.2024

அன்புச் சகோதரிக்கு,

நேற்று ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தபோது எங்கள் கடை வாசலில் நின்று வழக்குக் கட்டில் இருப்பதையும் உங்கள் கடிதத்தையும் உரக்கப் படித்தேன். வாஜித் ஷட்டரை இறக்கப் போனான். அம்மா நூர் பீவி, எண்பத்தோரு வயது, அவன் கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

"என் புருஷனுக்குக் குடுத்த வாக்க அந்த மனுஷன் காப்பாத்தினாரு. நாமதான் அவர காப்பாத்தல" என்றார்.

என் அம்மாவை நினைத்து இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

ஹப்சா

மூங்கில்துறைப்பட்டு
29.7.2024

அன்புள்ள ஹப்சாவுக்கு,

ஞாயிறு வருகிறோம். முனியனின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் மொத்தம் பதினோரு பேர். டிராக்டரில், நல்ல பகலில், கடைவீதி வழியாகத்தான் வருவோம். வாஜித் தம்பியிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போவோம்.

முனியன் மகள் கொளஞ்சியம்மாள்