நசுங்க வேண்டிய மூக்கு

வாயை மூடிக்கொண்டு இருந்த காலம் போதும். நேற்று மாலை உன் தம்பியின் பட்டறையைக் கடந்து நடந்தேன். வெல்டிங் மணம் தெருவரை வந்தது. உள்ளே, உன்னுடையதைப் போலவே கண்ணாடி கழற்றி, கதவுகளை ஒட்டிய ஒரு பழைய கார். முன்பக்கத்தில் குறுக்கே அதே இரும்புக் குழாய். ஜெர்மனியின் இந்தப் பீலெஃபெல்ட் நகரத்துக் குளிரில், அந்தக் குழாயின் ஒட்டுகளை எண்ணியபடி தெருவிலேயே நின்றேன்.

"அண்ணை, நீங்கள் படிச்ச ஆள். எனக்கு ஒரு கூடு கீறித் தாங்கோ. கார் உருண்டாலும் நான் சாகக் கூடாது," என்று சிரித்தபடி வந்தவன் நீ. சேற்று வட்டத்தில் ஒருவரை ஒருவர் இடித்து ஓடும் அந்தப் பந்தயம் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனால் பொறியியல் படித்துவிட்டு இந்த நாட்டில் கதவுப்பிடிகளுக்கு அளவு பார்க்கும் என்னிடம், அதுவரை ஒருவரும் எதையும் வரைந்து தரச் சொல்லிக் கேட்டதில்லை.

வரைந்தேன். உன்னைச் சுற்றி வலுவான இரும்புக் கூடு. இருக்கையும் கூட்டோடு பிணைத்தது. முன்பக்கம் மட்டும் மெலிவு. "இடி முதலில் மூக்கை நசுக்கட்டும். மிச்சம்தான் உன்னட்ட வரவேணும்," என்றேன். தலையாட்டினாய்.

முதல் வெற்றிக்கு நீ கொடுத்த விருந்தில் பந்தயக் கழகத்து ஜெர்மன்காரர்கள் கூட்டைத் தட்டிப் பார்த்து, யார் வடிவமைத்தது என்று கேட்டார்கள். நான் உன் பக்கத்தில்தான் தட்டோடு நின்றேன். "நான்தான்," என்றாய். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. நீ போன பிறகும்.

அடுத்த பந்தயத்துக்கு முதல் நாள் அந்தக் குழாயைக் கண்டேன். முன்பக்கத்தைக் கூட்டோடு சேர்த்து ஒட்டியிருந்தாய்.

"மூக்கு மெத்தெண்டு இருந்தா எல்லாரும் இடிச்சுப்போட்டுப் போறாங்கள், அண்ணை. இனி வரட்டும் பாப்பம். எப்பிடி?"

நசுங்க இடமில்லாவிட்டால் அடி நேரே கூட்டுக்கு வரும், அங்கிருந்து உன் கழுத்துக்கு. இதைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும்.

"உன்ர கார். நீதானே வடிவமைச்சனி. உனக்குத் தெரியாததே?" என்றேன்.

அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு என் முதுகில் தட்டினாய். "ஓம் அண்ணை!"

மறுநாள் பந்தயத்துக்கு முன் கார்களைச் சோதிக்க வந்தவர் குழாயை ஒருமுறை காலால் உதைத்துப் பார்த்து, நல்ல உறுதி என்றார். அன்று வட்டத்தின் நடுவே நின்றுபோன ஒரு காரில் நீ போய் மோதினாய். ஓடிவந்து ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். உன் காரில் எதுவும் நசுங்கவில்லை. கூடு வரைந்தபடியே நின்றது. உன் தலை மட்டும் நிற்கவில்லை.

செத்தவீட்டில் உன் தம்பி கேட்டான்: "காரிலை பிழை ஒண்டும் இல்லைத்தானே, அண்ணை?" இல்லையென்று தலையாட்டினேன். அதோடும் விடவில்லை. உன் பந்தய வெறிதான் உன்னைக் கொன்றது என்று காண்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது காதில் விழுந்த நாளிலிருந்து அவன் என் முகத்தில் விழிப்பதில்லை.

வரும் ஞாயிறு அவன் ஓடப் போகிறான். படத்தை மறுபடி வரைந்து, குழாயை வெட்ட வேண்டிய இடங்களைச் சிவப்பில் குறித்து இதோடு வைக்கிறேன். உனக்கு எழுதியது அவனுக்குத்தான் போகிறது. உறையில் என் பெயரைக் கண்டால் பிரிக்காமலே எறிவான். பெயரில்லாவிட்டால் வாசிப்பான். யார் எழுதியதென்று பாதியில் தெரிந்துவிடும், தெரியட்டும். அதற்குள் படம் அவன் கையில் இருக்கும். கையெழுத்து வைக்காமல் இன்றே தபாலில் போடுகிறேன்.