அறுபத்தொரு வீட்டுக்குப் போன ஜாதகம்

ஜூன் 14, சனி

விடிந்ததிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை. மாவும் பொங்கவில்லை.

மெயிலில் ஒன்று: 'பெண் ஜாதகம், அவசரம்.' தெரியாத முகவரி. சொந்தத்தில் ஜாதகம் வாங்கிப் பொருந்துகிற வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வேலை எனக்கு. ஆறு வருஷமாக. சம்பளம் இல்லை, நல்ல பெயர் உண்டு.

இணைப்பைத் திறக்க ஆன்டிவைரஸ் விடவில்லை. சிவப்புக் கட்டம். மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் சிவப்பு. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத் திறந்தேன்.

ஏன்? வந்த ஜாதகத்தைப் பார்க்காமல் ஒதுக்கினால் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. காகிதமாக வந்த காலத்தில் விளக்கடியில் வைத்து எடுத்துப் பார்ப்போம். நான் பி.காம்., முதல் வகுப்பு.

உள்ளே ஜாதகம் இல்லை. திரையில் கறுப்பாக ஒரு ஜன்னல் வந்து மறைந்தது. மூன்று மணிக்குப் பார்த்தால் என் கணக்கிலிருந்து அறுபத்தொரு பேருக்கு அதே மெயில் போயிருக்கிறது. என் பெயரோடு. என் கோப்புகள் ஒன்றும் திறக்கவில்லை.

செய்தவை:
– நெட் வயரைப் பிடுங்கினேன்.
– போன் வழியாகப் பாஸ்வேர்டு மாற்றினேன்.

செய்யாதது:
– அறுபத்தொரு பேருக்கும் 'திறக்காதீர்கள்' என்று ஒரு வரி.

என் வீட்டுக்காரர் போலீஸ் ஏட்டு. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், தெரியாத மெயிலைத் திறக்காதீர்கள் என்று பேசிவிட்டு வருகிறவர். ஊர் என்ன சொல்லும்? நாளைக்குச் சொல்லலாம்.

ஜூன் 15, ஞாயிறு

மதுரையிலிருந்து நாத்தனார் குடும்பம். ஐந்தருவியில் குளியல். பெண்கள் பக்கம் நீண்ட வரிசை. தலையில் தண்ணீர் விழுந்த வரைக்கும் ஒரு நினைப்பும் இல்லை. வெளியே வந்ததும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது.

நாத்தனார் ரம்புட்டான் பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது போனில் அடித்தேன்: 'என் பெயரில் வந்த மெயிலை...' அழித்துவிட்டேன். ஒரு நிமிஷ வேலை. ஈரத் தலை, ஈரக் கை என்று எனக்கு நானே சாக்கு.

வீட்டுக்கு வந்ததும் இவர், "என்னட்டி, நெட் வயரு கழண்டு கெடக்கு?"

இடி இடித்தது, அதனால் கழற்றினேன் என்றேன். நம்பிவிட்டார்.

ஜூன் 16, திங்கள்

வெயில். துணியெல்லாம் மாடிக்கு.

ஒன்பதரைக்குக் கல்யாணி போன். நாலு தெரு தள்ளி வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். பிளஸ் டூவில் தோற்ற பிள்ளைகள்தான் அவளிடம் வரும். அடுத்த வாரம் துணைத் தேர்வு. ராணுவத்தில் இருக்கும் தம்பிக்குப் பெண் தேடுகிறாள்.

"எக்கா, நேத்து சாயங்காலம் நீங்க அனுப்புன ஜாதகத்தத் தொறந்தேன். தம்பிக்கு ஒண்ணு வந்துட்டுன்னு ஆசையா. அதுக்கப்புறம் கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே தொறக்க மாட்டேங்குது. நான்தான் என்னத்தையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போல."

அவள் டைப் செய்து சேர்த்த பன்னிரண்டு வருஷக் கேள்வித்தாள்கள், பயிற்சித் தாள்கள். எல்லாம் அதில்தான். வேறெங்கும் நகல் இல்லையாம்.

சிஸ்டம் பழசாகியிருக்கும் என்றேன். நான்தான் சொன்னேன். எழுதிப் பார்த்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

ஒன்பது ஐம்பதுக்கு எல்லோருக்கும் செய்தி போட்டேன்: 'யாரோ என் பெயரில் மெயில் அனுப்புகிறார்கள், திறக்க வேண்டாம்.' யாரோ! பதிலுக்குக் கும்பிடு பொம்மைகள். புளியங்குடிப் பெரியவர் ஒருவர் மட்டும் போன் போட்டுச் சிரித்தார். "எனக்குத் தொறக்கத் தெரியாது தாயி. அதான் பொழச்சேன்."

கல்யாணி செய்தியைப் படித்திருக்கிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

இவர் ஷூ மாட்டும்போது சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சிவப்புக் கட்டம் எதற்கு வருகிறது என்று நினைத்தாய் என்று கேட்டார். அப்புறம், "கல்யாணிட்ட சொல்லிட்டியா?" டிபன் பாக்ஸை நீட்டினேன்.

நாலு மணிக்குப் போனேன். ஹாலில் பதினோரு பிள்ளைகள் தரையில். கல்யாணி நினைவிலிருந்து கேள்விகளைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் சாக்பீஸ் பொடி. என்னைக் கண்டதும் வாசலுக்கு வந்து, "டீ போடட்டாக்கா?" என்றாள்.

நின்றபடியே சொன்னேன். சிவப்புக் கட்டம், அணைத்தது, அறுபத்தொரு மெயில், நேற்றுப் போனில் சொன்ன பொய். உன் மேல் தப்பில்லை என்றேன். நீ எழுதிக் கொடு, எல்லாவற்றையும் நான் டைப் செய்து தருகிறேன் என்றேன்.

கேள்வித்தாளைப் பற்றி அவள் பேசவில்லை. கையிலிருந்த பொடியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"சனிக்கெழமையே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"நான் ஞாயித்துக்கெழம சாயங்காலம்லா தொறந்தேன்."

உள்ளேயிருந்து ஒரு பிள்ளை, மூன்றாவது கணக்கு முடிந்தது மிஸ் என்றது. கல்யாணி உள்ளே போய்விட்டாள். கேட்டைச் சாத்திக்கொண்டு வந்தேன்.