துடைக்காத கிண்ணம்

அப்பா,

சபையார் எல்லோரும் திராட்சரசம் பகிர்ந்து குடிக்கும் திருவிருந்துக் கிண்ணத்தை நீங்கள் மாற்றியது கிருமிக்குப் பயந்து இல்லை. சாக்கடை சுத்தம் செய்யும் அக்கா ஞானஸ்நானம் பெற்று வரிசையில் நின்ற மறுவாரமே ஆளுக்கொரு பிளாஸ்டிக் கப் வந்துவிட்டது. அதுவரை சளி பிடித்தவர்கள்கூட அந்த ஒரே வெள்ளிக் கிண்ணத்தில்தானே குடித்தார்கள்?

கேட்டால், "பெரிய சாதிக்காரங்க எழுந்து போயிட்டா சபை உடைஞ்சிடும்டா" என்கிறீர்கள். உடைந்த சபையைத்தான் கப் கப்பாகத் தட்டில் அடுக்கி நீட்டுகிறீர்கள்.

கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒரே உடல் என்று அந்த அக்காவின் தெருவில் நின்று பிரசங்கித்தது நீங்கள்தான். அதை நம்பி வந்தவர், இப்போது வாசலோடு நின்று, "என்னால பாஸ்டருக்கு ஏன் தம்பி சங்கடம்" என்று திரும்பிப் போகிறார்.

வருகிற ஞாயிறு பழைய கிண்ணத்தை எடுங்கள். முதலில் அவர் குடிக்கட்டும். அடுத்து, விளிம்பைத் துடைக்காமல், நீங்கள் குடியுங்கள்.

உங்கள் மகன்