துணிக்கொடியாகக் கட்டிய கம்பி

என் தங்கமே,

நீ நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நாங்கள் உடம்பால் நன்றாகத்தான் இருக்கிறோம், அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. மாத்திரையை நான் சொல்லாமலே எடுத்துப் போட்டுக்கொள்கிறார், என்னிடம் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. போனில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன். போனில் நான் வாயைத் திறந்தாலே அவர் பிடுங்கிக்கொண்டு, சாப்பிட்டியா தூங்கினியா என்று கேட்டு வைத்துவிடுகிறார்.

எதிர்வீட்டு அக்கா கரண்ட் அடித்துச் செத்துப்போனதை அப்பா உனக்குச் சொன்னார். நீ ஐயோ என்றாயாம், அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டாயாம். வேலைக்குப் போன எந்த வீட்டில் என்று நீ ஏன் கேட்கவில்லை கண்ணு? நீ வெளிநாடு கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக மோட்டார் மாற்றிக் கொடுத்தாயே, அந்தப் பெரிய வீடுதான். உட்கார்ந்தால் நாலு பக்கமும் தண்ணீர் பீய்ச்சி உடம்பு பிடித்துவிடும் தொட்டி, நம்ம முதுகை அமுக்க ஆளில்ல, இவங்களுக்குத் தண்ணியே அமுக்குது என்று சிரித்தாயே, அந்தத் தொட்டிதான். அக்கா அதில் குளிக்கவில்லை. விருந்தாளிகள் குளித்துவிட்டுப் போன அழுக்கைத் தேய்க்கப் போனாள். தேய்த்த பிறகு தண்ணீரை நிரப்பி மோட்டாரை ஓடவிட்டால்தான் உள்குழாயில் தங்கிய நுரை போகும் என்று அந்த வீட்டம்மா சொல்லியிருக்கிறாள். ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு மறு கையால் இரும்புக் குழாயைப் பிடித்திருக்கிறாள், அப்படியே போய்விட்டாள். ஈரக்கையோட எதையாவது தொட்டிருப்பா, இதுங்களுக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது என்று அந்த வீட்டம்மா எங்கள் முன்னாலேயே சொன்னாள். ஈரத்தைத் தேய்க்கத்தானே சம்பளம் கொடுத்தாய், காய்ந்த கையோடு தொட்டி தேய்ப்பது எப்படி என்று நீயே ஒரு தடவை காட்டு என்று கேட்டேன். என்னைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

தெரு கூடிவிட்டதும் பழி போட அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டான். வீடு கட்டும்போது வயரிங் செய்தது சுருட்டைதான், அதற்குப் பிறகு ஒருத்தரும் கை வைக்கவில்லை என்று அந்த வீட்டு முதலாளி போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். உன்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட சுருட்டை இப்போது ஜெயிலில் இருக்கிறான். இதை அப்பா உனக்குச் சொல்லவில்லை, சொல்ல என்னையும் விடவில்லை. நான் போய்ப் பார்த்தேன். அந்தச் சுருட்டை முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள், ஆள் அடையாளமே தெரியவில்லை, இனிமே என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்கம்மா என்று சிரிக்கப் பார்த்தான். அப்புறம் சொன்னான், அந்தத் தொட்டிக்கு முதலில் வைத்தது பிளாஸ்டிக் உடம்பு மோட்டார், அதைக் குழாய்களோடு சேர்த்துக் கட்ட வேண்டிய அவசியமில்லை, ஆனால் என்றாவது இரும்பு மோட்டார் வந்தால் வேண்டும் என்று தடித்த பச்சைக் கம்பி ஒன்றைக் குழாய்களோடு கட்டி மறுமுனையைச் சுருட்டி மோட்டார் பக்கத்திலேயே விட்டு வைத்தேன் என்றான். மோட்டாரும் குழாயும் ஒரே கம்பியில் இருந்தால், உள்ளே கரண்ட் கசிந்தாலும் இரண்டுக்கும் நடுவில் மனுஷ உடம்பு மாட்டாதாம். இப்போது போலீஸ் திறந்து பார்த்தால் கம்பியே இல்லையாம், விரல் நீளத்துக்குத் துண்டு மட்டும் நிற்கிறதாம், நீ கட்டவே இல்லை என்று அடிக்கிறார்களாம். மோட்டார் மாத்தினப்ப உங்க பையன் பாத்திருப்பான், ஒரு வார்த்தை போன்ல கேளுங்கம்மா, அவன் சொன்னா நம்புவாங்க என்றான். உன்னைச் சாட்சிக்குக் கேட்கிறான் தங்கம். உன்மேல் அவனுக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை.

அது எந்தக் கம்பி என்று எனக்குத் தெரியும். ஒண்ணுலயும் சேராத பச்சைக் கம்பி சும்மா கெடந்துச்சும்மா என்று மோட்டார் மாற்றிய அன்றைக்கு நீ கொண்டுவந்து பின்பக்கம் துணி காயப்போடக் கட்டிக் கொடுத்தாயே. எதிர்வீட்டு அக்காவும் அதில்தான் காயப்போட்டாள், துருவே பிடிக்காத கொடி என்று உன்னை வாழ்த்தினாள். அடிக்கடி விழுகிறது, விருந்து நேரத்தில் மானம் போகிறது என்று முதலாளி, கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் ட்ரிப் சுவிட்சை எடுத்துவிட்டு லைனை நேராகக் கொடுக்கச் சொன்னதையும், மலிவான இரும்பு மோட்டாரை அவரே வாங்கி வந்ததையும் நீதான் எனக்குச் சொன்னாய். நீ தெரிந்து செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டுச் செய்திருக்கலாம், சுருட்டைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். வெளிநாடு கிளம்புகிற அவசரம் உனக்கு.

அப்பா உன்னை வராதே என்கிறார். பெத்தவளே காட்டிக் கொடுப்பாளா என்று என்னைக் கேட்டார், அதோடு பேச்சு நின்றது. நான் காட்டிக் கொடுக்கத்தான் போனேன் கண்ணு, உன்னிடம் மறைக்க மாட்டேன். கம்பியை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் உன் பெயரைச் சொன்னேன். சொல்லும்போது நாக்கு கீழே விழுந்துவிடும் போலிருந்தது. அந்த அதிகாரி எழுதிக்கொள்ளவே இல்லை. ஆள் கிடைச்சாச்சு, இதுல எதுக்கு உங்க பையனை இழுக்கிறீங்க, துணிக்கம்பியை எடுத்துட்டுப் போங்க, வெயில்ல வந்திருக்கீங்க தண்ணி குடிங்க என்றார். மாட்டிக்கொண்டவன் ஏழை, செத்தவள் ஏழை, இதில் உள்ளே போவது எந்த ஏழை என்று அவர்களுக்குக் கவலையில்லை. முதலாளியைக் கேட்க வேண்டி வருமே என்பதுதான் கவலை. செய்தவனே வந்து சொன்னால்தான் எழுதுவோம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டில் இதற்குள் புதுத் தொட்டி வந்துவிட்டது.

அக்காவின் மகள் நம் வீட்டில்தான் படுக்கிறாள். உன் போர்வையைக் கொடுத்திருக்கிறேன். வீட்டுப்பாடம் எழுதும்போது அண்ணன் எப்ப வரும் என்று கேட்கிறாள், பேனா வாங்கி வருவதாக நீ சொன்னாயாம். நான் என்ன சொல்வது?

நீ வந்தால் உன்னைப் பிடித்து வைப்பார்கள். தெரிந்துதான் கூப்பிடுகிறேன். எத்தனை வருஷம் என்று எனக்குத் தெரியாது, நான் போய்க் கேட்ட வக்கீலும் சொல்லவில்லை. அத்தனை நாளும் ஜெயில் வாசலில் வந்து நிற்பேன், சுருட்டையின் அம்மா இப்போது நிற்கிறாளே அது மாதிரி. முதலாளி சொன்னது, வாங்கியது, எல்லாவற்றையும் நீ சொல்ல வேண்டும், உன்னுடையதை மட்டும் சொல்லிவிட்டு அவரை விட்டுவிடாதே.

பயமில்லாமல் தூங்கி எழும் ஒரு காலை உனக்குக் கிடைக்கட்டும் என்று மட்டும் வாழ்த்துகிறேன். கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள், அங்கே குளிர் என்கிறார்கள். வருகிற நாளை அப்பாவிடம் சொல்லாதே, என்னிடம் சொல். பகல் வண்டியில் வா, நேராக வீட்டுக்கு வா. சமைத்து வைத்திருப்பேன். வயிறாரச் சாப்பிடு, அப்புறம் இரண்டு பேருமாக ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம்.

உன் பெயரை இன்னொரு தடவை சொல்லத் தெம்பில்லாத,
அம்மா